இலை வெளுப்பதைப் பார்த்து நீர் விடுங்கள்: பிரிட்டில்புஷ் வளர்க்கும் முறை

அரிசோனா, தெற்குக் கலிபோர்னியா, மெக்சிகோவின் சொனோரா ஆகிய பகுதிகளின் கல் நிறைந்த சரிவுகளில் தானாகவே முளைத்து, குளிர்காலம் முடியும்போது மஞ்சள் பூக்களால் அச்சரிவையே மூடிவிடும் பாலைவனப் புதர் பிரிட்டில்புஷ். இது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. என்சீலியா ஃபரினோசா என்னும் இதன் அறிவியல் பெயரின் பின்பாதிக்கு, மாவு படிந்தது என்று பொருள். இலையின் மேல் மாவுபோலத் தெரியும் வெண்ணிறம் உண்மையில் நுண்ணிய மயிர்களின் அடர்த்தி. அவை வெயிலைத் திருப்பி அனுப்பி இலை சூடேறாமல் காக்கின்றன.

இதை வளர்க்க விரும்புவோர் முதலில் பழக வேண்டியது இந்த நிறத்தை வாசிப்பதற்குத்தான். ஈரம் போதுமானபோது இலைகள் பெரிதாகவும் பசுமையாகவும் வருகின்றன. வறட்சி கூடக்கூடச் சிறுத்து வெளுக்கின்றன. மேலும் வறண்டால் உதிர்ந்துவிடுகின்றன. இலை உதிர்ந்ததும் செடி பட்டுப்போனதாக எண்ணிப் பிடுங்கிவிடாமல், தண்டை நகத்தால் லேசாகக் கீறி, உள்ளே பச்சை தெரிகிறதா என்று பாருங்கள். பச்சை இருந்தால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

நாள் முழுவதும் வெயில் விழும், நீர் தேங்காத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இப்பாலைவனப் பகுதிகளில் மண்ணின் அடியில் சுண்ணாம்பு இறுகிப் பாறைபோல் படிந்திருப்பது வழக்கம். குழி தோண்டி நீர் ஊற்றி, அது தரையில் இறங்குகிறதா என்று சோதிக்காமல் நடவேண்டாம். விதைகளைக் குளிர்கால மழைக்கு முன், அக்டோபர், நவம்பர் மாதங்களில் தூவி, மண்ணோடு மெல்ல அழுத்திவிட்டால் போதும். புதர் ஒரு மீட்டருக்கு மேல் பரவும் என்பதால் செடிகளுக்கிடையே அந்த அளவு இடைவெளி வேண்டும்.

முதல் ஆண்டு வேர் இறங்கும்வரை மண் காயக்காய நீர் விடுங்கள். அதன்பின் கோடையில் இலை மிகவும் வெளுத்தால் மட்டும், எப்போதாவது ஒருமுறை, ஆழமாக நனையும்படி விடுங்கள். அன்பு மிகுதியால் நாள்தோறும் ஊற்றுவோரிடம்தான் இச்செடி கிளைகள் நீண்டு சாய்ந்து, வேரழுகி மடிகிறது. உரம் தேவையே இல்லை.

பூத்து முடிந்து விதை உதிர்ந்தபின் புதரை மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். பெயருக்கேற்ப எளிதில் முறியும் தண்டிலிருந்து பிசின் கசிந்து கையில் ஒட்டும். ஸ்பானியப் பாதிரியார்கள் தேவாலயங்களில் சாம்பிராணிபோல் எரித்ததும், ஸ்பானிய மொழியில் ‘இன்சியென்சோ’ என்ற பெயர் வரக் காரணமானதும் இதே பிசின்தான். உறைபனியில் நுனி கருகினால் உடனே வெட்டாமல், பனிக்காலம் கழியும்வரை காத்திருங்கள். கருகிய பகுதி உள்துளிரைக் காக்கும்.