ஜபம்: சொல்லின் பொருளறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜபம் என்பதற்குப் பொருள் கேட்டால், ‘ஜ’ பிறப்பை அறுப்பது, ‘ப’ பாவத்தைப் போக்குவது என்று எழுத்தெழுத்தாகப் பிரித்துச் சொல்வோர் பலர். இவ்விளக்கம் வடமொழிச் சுலோகம் ஒன்றில் உள்ளதுதான். ஆனால் அது ஜபத்தின் பயனைப் போற்றுகிறதே அன்றிச் சொல் பிறந்த விதத்தைக் கூறவில்லை. முணுமுணுத்தல், மெல்லிய குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்னும் பொருளுடைய ‘ஜப்’ என்ற வினையடியிலிருந்தே இச்சொல் பிறந்தது. உரக்கச் சொல்லும் வாசிகத்தைவிட உதடு மட்டும் அசையும் உபாம்சுவும், அதனினும் மனத்துக்குள்ளேயே நிகழும் மானசமும் உயர்ந்தவை என்று மனுஸ்மிருதி வரிசைப்படுத்துவது இந்த வேர்ப்பொருளோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். பாவநாசம் என்று மட்டும் பொருள் சொல்லி நிறுத்தினால், அந்த மெல்லொலி நம் காதில் விழாமலே போய்விடும்.

செபம், ஜெபம் ஆகியவற்றைத் தனிச்சொற்களாகக் கருதுவதும் பிழை. ஜன்மம் சென்மம் ஆனதுபோல், ஜயம் செயம் ஆனதுபோல், ஜபம் தமிழில் செபம் ஆயிற்று. கிறிஸ்தவர் வழக்கில் அதன் பொருள் விரிந்து, சொந்தச் சொற்களால் செய்யும் வேண்டுதலையும் குறிக்கிறது. அதைத் தவறான வழக்கு என்று திருத்த முயல்வது வேண்டாத வேலை. கத்தோலிக்கரின் செபமாலையிலோ, மணிக்கு மணி ஒரே மன்றாட்டைச் சொல்லும் பழம்பொருளே இன்றும் வாழ்கிறது.

ஒலி ஒப்புமை வேறோர் இடத்திலும் ஏமாற்றும். நவக்கிரகத் துதியில் சூரியனைப் போற்றும் ‘ஜபாகுசும ஸங்காசம்’ என்ற தொடரில் ஜபம் இருப்பதாக எண்ணுவோர் உண்டு. அங்குள்ளது நெடிலில் முடியும் ‘ஜபா’, அதாவது செம்பருத்தி. அம்மலர்போலச் சிவந்தவன் என்பதே அத்தொடரின் கருத்து.

இந்த மலர்ப்பெயரையும் ஜபமாலையையும் ஐரோப்பியர் குழப்பிக்கொண்டு, ரோஜா மாலை என்று பொருள்கொண்டதால்தான் செபமாலைக்கு ‘ரோசரி’ என்ற பெயர் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது ஊகம் மட்டுமே. அதை வரலாறாக எழுதக் கூடாது. ரோசரிக்கு மூலமான ‘ரோசாரியம்’ என்ற லத்தீன் சொல்லுக்கு ரோஜாத் தோட்டம் என்று பொருள். மரியாளுக்கு ரோஜா மாலை சூட்டும் பக்தி இடைக்கால ஐரோப்பாவிலேயே வேரூன்றியிருந்தது. அப்பெயர் பரவுமுன், அங்கு மணிகளை எண்ணிச் சொன்னது கர்த்தர் கற்பித்த ஜெபத்தை. அந்த மணிச்சரத்துக்கும், அந்த ஜெபத்தின் லத்தீன் முதற்சொற்களான ‘பாத்தர் நோஸ்தர்’ (எங்கள் தந்தையே) என்பதே பெயராக இருந்தது.