காபிப் போரர் கட்டுரைகளை ஒரே அட்டவணையில் கோப்பது எப்படி?

ஏற்காட்டில் மாமாவுக்குக் கொஞ்சம் அரபிக்கா காபி இருக்கிறது. "மாப்ளே, சில்வர் ஓக்கை வெட்டி விட்டா தண்டுல போரர் கூடுதே, எவ்வளவு நிழல் விடணும்?" என்று கேட்டார். போரர் என்பது காபித் தண்டைத் துளைக்கும் வண்டு, சில்வர் ஓக் தோட்டத்தில் நிழலுக்கு வளர்க்கும் மரம். பதில் பத்துப் பன்னிரண்டு கட்டுரைகளில் சிதறிக் கிடந்தது. பிடிஎஃப்களை மாற்றி மாற்றித் திறந்து அலுத்த பிறகுதான் ஓஆர்கேஜி (ஓப்பன் ரிசர்ச் நாலெட்ஜ் கிராஃப்) பக்கம் போனேன். ஜெர்மனியின் ஹனோவரில் உள்ள டிஐபி நூலகம் நடத்தும் இலவசத் தளம் இது. ஒரு கட்டுரை சொல்லும் விஷயங்களை 'ஆய்வு – நடந்த இடம் – ஏற்காடு' என்பதுபோல் மும்மூன்று கண்ணிகளாக இதில் கோத்து வைக்கலாம்.

கணக்கு தொடங்கி, புதிய பேப்பர் சேர்க்கும் இடத்தில் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும் தரப்படும் நிரந்தர இணைய அடையாளம்) ஒட்டுங்கள். தலைப்பும் ஆசிரியர் பெயரும் தானாக வந்துவிடும். துறையைத் தேர்ந்தெடுத்ததும் 'கான்ட்ரிபியூஷன்' பகுதி வரும். கட்டுரை சொல்லும் தகவல்களை நிரப்பும் இடம் அது.

இங்கேதான் எனக்கு இரண்டு வாரம் போனது. முதல் கட்டுரைக்கு 'ஷேட்', அடுத்ததற்கு 'ஷேட் லெவல்', மூன்றாவதற்கு 'கெனாபி கவர்' என்று மூன்று ப்ராப்பர்ட்டி (தகவலின் தலைப்பு) போட்டிருந்தேன். ஒப்பிட்டுப் பார்த்தால் மூன்றும் தனித்தனி வரிசையில், பாதிக் கட்டங்கள் காலியாக நின்றன. நமக்கு மூன்றும் நிழலின் அளவுதான். தளத்துக்கு அவை மூன்று வேறு அடையாள எண்கள். பெயரைத் தட்டும்போதே கீழே வரும் பட்டியலில் ஏற்கெனவே இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பொருந்துவது இல்லாவிட்டால் மட்டும் புதிது உருவாக்குங்கள்.

இடப்பெயரிலும் அதே சிக்கல். ஒன்றில் 'ஏற்காடு', இன்னொன்றில் 'சேர்வராயன் மலை' என்று வெறும் எழுத்தாக அடித்தால் இரண்டுக்கும் தொடர்பே இருக்காது. 'டெக்ஸ்ட்' வேண்டாம், 'ரிசோர்ஸ்' (தனி அடையாள எண் உள்ள பதிவு) என்று கொடுத்து, எல்லாக் கட்டுரைக்கும் அதே பதிவைத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் அது மற்றக் கட்டுரைகளோடு இணையும். உயரம் போன்றவற்றுக்கு எண் வகை. ஒரு கட்டுரை 4,500 அடி என்றும் இன்னொன்று மீட்டரிலும் சொல்லும். எல்லாவற்றையும் மீட்டராக்கிப் போடுங்கள், 4,500 அடி என்றால் சுமார் 1,372.

என் கருத்து: தளத்தைத் திறக்கும் முன் லிப்ரெ ஆபிஸ் கால்க் என்ற அட்டவணை மென்பொருளில் கேள்வியை எழுதி, அதற்குத் தேவையான தலைப்புகளை மட்டும் வரிசையாகப் போட்டுக்கொள்ளுங்கள். நான் வைத்தவை ரகம், உயரம், நிழல், வண்டு பறக்கும் மாதம், கட்டுப்படுத்தும் முறை. பறக்கும் மாதத்தை விடக்கூடாது. இந்த வண்டு ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் வெளியே வந்து, வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில் முட்டையிடும். நிழல் விஷயமே அதனால்தான் முக்கியமாகிறது. தண்டில் சுண்ணாம்புக் கரைசல் அடிப்பதும் அந்த மாதங்களைப் பார்த்துத்தான்.

அப்புறம், இரண்டு கான்ட்ரிபியூஷனாவது சேர்ந்ததும் 'கம்பாரிசன்', அதாவது ஒப்பீட்டு அட்டவணை, உருவாக்கலாம். காலிக் கட்டம் நிறைய இருந்தால் வெளியிடாமல் ப்ராப்பர்ட்டி பெயர்களை மறுபடி பாருங்கள்.

பிற்சேர்க்கை: டிஓஐ இல்லாத பழைய கட்டுரைகளை என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். விவரங்களைக் கையால் நிரப்பலாம். முதலில் தலைப்பைத் தேடிப் பாருங்கள், வேறு யாராவது முன்பே சேர்த்திருக்கலாம்.