சத்தம் போடுவதெல்லாம் கரண்ட் தின்னாது

கரண்ட் பில் எகிறினால் எங்கள் தர்மபுரிப் பக்கம் முதலில் திட்டு வாங்குவது மிக்சியும் கிரைண்டரும்தான். பாவம், அவை சத்தம் போடுகின்றன, அவ்வளவுதான். 750 வாட்ஸ் மிக்சியை ஒரு நாளில் மொத்தமாகப் பத்து நிமிடம் ஓட்டினால் ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு ஆகும். 150 வாட்ஸ் டேபிள் டாப் கிரைண்டரில் அரை மணி நேரம் மாவு அரைத்தால் அதைவிடக் குறைவு. ஆனால் 2000 வாட்ஸ் இன்டக்‌ஷன் அடுப்பை முழு வேகத்தில் அரை மணி வைத்தால் ஒரு யூனிட் போச்சு. அதனால் சூடாக்குகிற சாமான்களை முதலில் பிடியுங்கள், அப்புறம் ராத்திரி பகல் பிளக்கில் இருக்கும் ஃபிரிட்ஜைப் பாருங்கள், மற்றதெல்லாம் சில்லறை.

இன்டக்‌ஷனில் களிக்கு உலை வைக்கிறவர்கள் பாதிப்பேர் மூடி போடுவதில்லை. போடுங்கள். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்த பிறகு 2000-லேயே விட்டால் சூடு ஏறாது, ஆவிதான் அதிகமாகப் போகும், நொய் ஒரு நிமிடம்கூட முன்னால் வேகாது. கொதி வந்ததும் 600, 800 என்று இறக்கிவிடுங்கள். மாவு வெந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தைத் தரையில் இறக்கிக் களிக்கட்டையால் கிண்டுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் வைத்து அழுத்திக் கிண்டினால் தட்டு விரிசல் விடும், அதை மாற்றுகிற காசில் எத்தனை மாத பில் கட்டலாம். பாத்திரத்தின் அடி தட்டையாக இருக்க வேண்டும், காந்தம் நன்றாக ஒட்ட வேண்டும்.

கொள்ளு, மொச்சை எதுவானாலும் முதல் நாள் இரவே ஊறப்போட்டுவிடுங்கள், இதைவிடச் சுலபமான சேமிப்பு கிடையாது. குக்கரில் முதல் விசில் வந்ததும் வேகத்தைக் குறையுங்கள். விசில் என்பது மிஞ்சின ஆவி வெளியே போவது, அது சத்தமாக அடித்தால் சீக்கிரம் வேகும் என்று அர்த்தமில்லை.

எலக்ட்ரிக் கெட்டிலில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சுமார் 0.1 யூனிட் ஆகும். இரண்டு டம்ளர் டீக்கு ஒன்றரை லிட்டர் ஊற்றுகிறோமே, அங்கேதான் போகிறது. போர் தண்ணீர் ஊற்றினால் உள்ளே வெள்ளையாக உப்புப் படிந்து, கொதிக்க நேரம் இழுக்கும், எலிமென்ட்டும் சீக்கிரம் போகும். ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீடுகளில் கெட்டிலுக்கு அதையே ஊற்றுங்கள். ஏற்கெனவே படிந்திருந்தால் எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரை மணி ஊறவிட்டுக் கழுவினால் பெயர்ந்து வரும்.

ரைஸ் குக்கரில் சாதம் ஆனதும் பிளக்கைப் பிடுங்கி, சாதத்தை ஹாட் பாக்ஸில் மாற்றிவிடுங்கள். காலையிலிருந்து ராத்திரி வரை ‘வார்ம்’ விளக்கு எரிந்தால், சாதம் வடித்ததற்கு ஆன கரண்டுக்குச் சமமாக அதற்கும் ஆகிவிடும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு மார்கழியில் மாவு புளிக்காத தொல்லை வேறு. அதற்காக ஓவனைப் போட்டுச் சூடாக்க வேண்டாம், மாவுப் பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, சமைத்து முடித்த அடுப்புப் பக்கம் வைத்தால் போதும்.

இப்போது ஃபிரிட்ஜ். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், அடுப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம், பின்பக்கச் சூடு வெளியேற இடம் வேண்டும். கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, குளிர் கசிகிறது. முதலில் சோப்புத் தண்ணீரில் ரப்பரைத் துடைத்துப் பாருங்கள், பாதி சமயம் அழுக்குதான் காரணம். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ் என்றால் ஃபிரீசரில் அரை சென்டிமீட்டர் ஐஸ் கட்டுவதற்குள் டிஃப்ராஸ்ட் செய்துவிடுங்கள். மாம்பழ சீசனில் தோட்டத்துக்காரர் யாராவது ஒரு கூடை செந்தூராவோ மல்கோவாவோ கொடுத்துவிடுவார், நாம் அதை அப்படியே உள்ளே திணிப்போம். காய் பழுக்கிற வரை வெளியே வைக்கோலில் கிடக்கட்டும், குளிரில் வைத்தால் அது சரியாகப் பழுக்கவும் செய்யாது. பழுத்ததை மட்டும், காற்று போகிற மாதிரி இடைவெளி விட்டு அடுக்குங்கள்.

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கிற அடுக்குக்கும் ரேட் கூடிவிடும். அதனால் 510, 520 என்று வருகிற வீட்டுக்குத்தான் இதெல்லாம் உடனே காசாகத் தெரியும். ஒரு மாதம் ஆனதும் மீட்டரில் கேடபிள்யூஎச் (அதாவது யூனிட்) எண்ணைப் பார்த்து, போன ரீடிங்கை அதில் கழித்துவிடுங்கள், மீதி 250-ஐத் தாண்டியிருந்தால் மிச்ச மாதம் கெட்டிலிலும் இன்டக்‌ஷனிலும் கை வைக்க நேரமிருக்கிறது.