முதல் ரூபிக்ஸ் கியூப் போட்டிக்குச் செல்லுமுன்
உலகக் கியூப் சங்கப் போட்டியில் முதன்முறை பங்கேற்போர் பெயர், குடியுரிமை, பிறந்த தேதி ஆகியவற்றுக்குச் சான்று காட்ட வேண்டும்; சிங்கப்பூரில் 15 வயதான பிறகே அடையாள அட்டை கிடைக்கும் என்பதால், அதற்கும் இளைய பிள்ளைக்குக் கடப்பிதழை எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டில் கைபேசியைத் தட்டிப் பழகுவதைவிட, போட்டியில் இருப்பது போன்ற, கையெடுத்ததும் ஓடத் தொடங்கும் மேசைக் கடிகாரத்தில் விரல்களை வைத்து, பச்சை விளக்கு எரிந்தபின் கையெடுத்துப் பழகுவதே மேல். தீர்க்கத் தொடங்குமுன் கியூபைப் பார்வையிடத் தரப்படும் 15 வினாடிகளில், 8ஆவது, 12ஆவது வினாடிகளின்போது நடுவர் குரல் கொடுப்பார். பயிற்சியின்போதே பெற்றோர் அவ்வாறு சத்தமாகச் சொல்லிவந்தால், அன்று பிள்ளை திடுக்கிடாது. பார்வையிடல் 15 வினாடியைத் தாண்டினால் 2 வினாடி அபராதம். 17ஐ எட்டினால் அம்முயற்சி முடிக்கப்படாததாகவே பதிவாகும். கடைசி அடுக்கு 45 பாகைக்கு மேல் திரும்பி நின்றாலும் 2 வினாடி கூடும், ஆகவே அதை நேராக்கிய பிறகே கடிகாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். அரங்கின் குளிரூட்டியில் விரல் விறைக்கும். மேற்சட்டை ஒன்றும் பையில் இருக்கட்டும்.