பழைய மாருதி 800 செல்ஃப் எடுக்கலையா? பேட்டரி வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

என்னுடையது 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. ஒரு மார்கழிக் காலையில் பாலக்கோட்டில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம், அதோடு சரி. தள்ளி ஸ்டார்ட் செய்து தர்மபுரிக்கு ஓட்டி வந்தேன். "பேட்டரி போச்சுண்ணா, புதுசு போட்டுடலாம்" என்றார் கடைக்காரர். போட்டேன். மூன்றே வாரத்தில், ராயக்கோட்டை சந்தைக்கு வெளியே, மறுபடியும் அதே 'டக்'. பக்கத்தில் இருந்த வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்கு ஒரு ஜம்ப் கேபிளைக் கவ்வவிட்டார். வண்டி சட்டென்று கிளம்பியது. கோளாறு எர்த் ஒயரில்!

காரில் ஒவ்வொரு விளக்குக்கும் கரண்ட் போவதற்குத்தான் ஒயர். திரும்பி வரும் வழி பெரும்பாலும் வண்டியின் இரும்பு உடம்புதான். இன்ஜினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினிலிருந்து பேட்டரி மைனஸுக்குக் கரண்ட் திரும்ப, தனியாகத் தடித்த எர்த் ஒயர் ஒன்று இருக்கும். இருபத்தைந்து வருட மழையும் புழுதியும் அந்த போல்ட்டைத் துருப்பிடிக்க வைத்தால், நல்ல பேட்டரி இருந்தும் செல்ஃப் சுற்றாது.

முதலில் கையில் வேண்டியவை

300 ரூபாய் மல்டிமீட்டரே போதும். 10-ஆம் நம்பர் ஸ்பேனர், உப்புத்தாள், இரண்டு ஒயர் பற்றவைத்த 12 வோல்ட் பல்பு ஒன்று. மோதிரம், வாட்சைக் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் நட்டைத் திருகி, ஸ்பேனர் பாடியில் பட்டால் தீப்பொறி தெறிக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

படி 1: பேட்டரி நிஜமாகவே காலியா?

மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பிளஸிலும் கறுப்பு முனையை மைனஸிலும் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் ஓடும். 12 அல்லது அதற்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் போட்டுவிட்டு மேற்கொண்டு பாருங்கள்.

கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, வீட்டில் யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அப்போது அளவு 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகப்படலாம். 12-க்கு மேலேயே நின்று, செல்ஃபும் 'டக்' மட்டும் சொன்னால் கரண்ட் வழியில் எங்கோ தடைபடுகிறது.

படி 2: எர்த் சோதனை (இதைத் தாண்டிப் போகாதீர்கள்)

மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி மைனஸின் ஈயத் தண்டில் பட வேண்டும். தண்டைக் கவ்வும் ஒயர் முனையான கிளாம்ப்பில் வைத்தால் கிளாம்ப்பின் கோளாறு தெரியாமல் போய்விடும். சிவப்பு முனை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில். சாவியைத் திருப்பும்போது 0.2 வோல்ட் வரை இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் எர்த் சரியில்லை. என் வண்டியில் 3 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

மீட்டர் இல்லாவிட்டால் அந்தப் பெரியவர் செய்தது போல ஜம்ப் கேபிளால் மைனஸையும் இன்ஜினையும் இணைத்துப் பாருங்கள். ஃபேன் பெல்ட் பக்கம் கேபிள் போகக் கூடாது.

சரிசெய்வது சுலபம். மைனஸைக் கழற்றி, பாடியிலும் இன்ஜினிலும் எர்த் முறுக்கியிருக்கும் போல்ட்டுகளைத் திறந்து, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடிக்குச் சுடுதண்ணீரில் கரைத்த ஆப்ப சோடா. அது பேட்டரி செல்லுக்குள் இறங்கிவிடக் கூடாது. இறுக்கி முடித்த பிறகு மேலே கொஞ்சம் வாசலின்.

படி 3: சார்ஜ் ஏறுகிறதா?

வண்டி ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். ஹெட்லைட், புளோயர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தும் 13-க்குக் கீழே என்றால் பெல்ட் தொய்வா என்று பாருங்கள், பிறகு ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ). 15-ஐத் தாண்டினால் அந்த வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போயிருக்கும், பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும்.

ஓடும் வண்டியில் டெர்மினலைக் கழற்றி "டைனமோ நல்லா இருக்கு" என்று காட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜில் நல்ல ரெகுலேட்டரும் போய்விடலாம்.

படி 4: ராத்திரியில் திருடுவது யார்?

கதவெல்லாம் மூடி, சாவியை எடுத்துவிட்டு, மைனஸ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் மைனஸ் தண்டுக்கும் நடுவே அந்த 12 வோல்ட் பல்பை வையுங்கள். பல்பு எரிந்தால் எங்கோ கரண்ட் கசிகிறது. ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது பல்பு அணைகிறதோ, கசிவு அந்த லைனில். அணையாமல் எரியும் 5 வாட் பல்பு ஒன்றே மணிக்கு சுமார் 0.4 ஆம்பியர்-ஹவர் குடிக்கும், நாளுக்கு 10. 35 ஆம்பியர்-ஹவர் பேட்டரி நாலு நாள் தாங்காது. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பில் நிறுத்துபவர்கள் எலி கடித்த ஒயரையும் தேட வேண்டும்.

படி 5: விளக்குகள்

இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் கூடவே மினுக்குகிறதா? அந்த விளக்கின் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். ஃபியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. அதே நிறத்தையே போடுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றுவது ஒயரிங்கை எரிக்கும் வழி.

தொப்பூர் கணவாயில் இரவில் வெளிச்சம் பத்தவில்லை என்று 60/55 வாட் பல்பைக் கழற்றி 100/90 போடுகிறார்கள். ஹைபீமில் இரண்டுக்கும் சேர்த்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலே (சுவிட்சுக்குப் பதில் பெரிய கரண்டைத் தாங்கும் சின்னப் பெட்டி) இல்லாத பழைய வண்டியில் அத்தனையும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்ச் வழியாகப் போய் அதை உருக்கிவிடும். முதலில் ரிலே, பிறகு பல்பு.

மாற்றிய ஃபியூஸ் உடனே மறுபடி போனாலோ, ரப்பர் தீய்ந்த வாடை வந்தாலோ மைனஸைக் கழற்றி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நிற்கும்போது, செல்ஃப் எடுக்கும்போது, ஓடும்போது என்று குறித்த வோல்ட் அளவுகளை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.