வருத்தத்திலிருந்து மனந்திரும்புதலுக்கு

ஆகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் (குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்யப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அழுதால் மட்டும் போதாது. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் வருந்தினான், அதற்கு வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் எறிந்தான். இயேசுவிடம் திரும்பி வரவில்லை. இயேசுவைத் தெரியாதென்று மறுதலித்த பேதுரு அழுதார், திரும்பியும் வந்தார்.

மனதை உறுத்துகிற ஒரு காரியத்தை மட்டும் எடுங்கள். யாருக்கு என்ன செய்தேன் என்று சாக்குச் சொல்லாமல் கடவுளிடம் சொல்லுங்கள். அப்புறம் அந்த ஆளிடம் போங்கள். உங்கள் மாடு பக்கத்து வயலை மேய்ந்ததை மறைத்திருந்தால், "அண்ணை, அண்டைக்கு உங்கட வயலுக்க இறங்கினது எங்கட மாடுதான். நட்டத்தைச் சொல்லுங்கோ" என்று நேரே சொல்லுங்கள். வேலியையும் அடைத்துவிடுங்கள். பைபிளில் வரும் வரி வசூலிப்பவரான சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். உங்களால் இப்போது ஒரு மூடை நெல்தான் முடியுமென்றால் அதை முதலில் கொடுங்கள்.

வன்னியில் இன்னொரு சிக்கல் உண்டு. மன்னிப்புக் கேட்க வேண்டியவர் 2009 இல் போரில் இறந்திருக்கலாம். (நீங்கள் தப்பிப் பிழைத்தது பாவமே அல்ல, தயவுசெய்து அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) அவருடைய பிள்ளைகளைத் தேடிப் போங்கள். ஒருவரும் இல்லையென்றால் குருவானவரிடமோ போதகரிடமோ பேசிவிட்டு, கொடுக்க வேண்டியதை ஊரில் கஷ்டப்படும் ஒரு குடும்பத்துக்குக் கொடுங்கள்.