தும்மல் அடங்கியது மாத்திரையாலா, மழையாலா?

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் குமரி. நல்ல மழை பெய்தால் காற்றில் மிதக்கும் மகரந்தம் மண்ணில் படிந்துவிடும், தும்மலும் குறையும். அன்று காலை புது மாத்திரை போட்டிருந்தால் நல்ல பெயர் மாத்திரைக்குப் போய்விடும்.

இந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான் ஒவ்வாமை மருந்துகளை மகரந்த அறையில், அதாவது காற்றில் மகரந்தத்தை அளவாகக் கலந்துவிடும் மூடிய அறையில், சோதிக்கிறார்கள். வியன்னாவிலும் கனடாவின் கிங்ஸ்டனிலும் 1980-களிலேயே இவை வந்துவிட்டன. வெப்பம், ஈரப்பதம், மகரந்த அளவு மூன்றையும் மாறாமல் வைத்து, நோயாளிகளை மணிக்கணக்கில் உட்கார வைத்து, 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடச் சொல்வார்கள். ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுப்பார்கள். அவர்களுக்கும் ஓரளவு குறையும். ஒப்பிட்டுப் பார்ப்பது அதனால்தான்.

பூவை முகர்ந்து இதை வீட்டில் செய்து பார்க்கவே கூடாது. மூச்சு இறுகினால் கவனிக்க அங்கே மருத்துவர் இருக்கிறார், வீட்டில் இல்லை. அங்குள்ள கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் மருத்துவர் சொல்லாமல் எந்த மருந்தையும் நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம்.

ஒரு நோட்டுப் போதும். மூக்கொழுகல், மூக்கடைப்பு, தும்மல், அரிப்பு ஆகிய நான்குக்கும் தனித்தனியே 0 முதல் 3 வரை: இல்லை, லேசு, தொந்தரவு, வேலையைக் கெடுக்கிறது. மொத்தம் 12. காலையும் மாலையும், கடந்த 12 மணி நேரத்தை நினைத்துப் போடுங்கள். பக்கத்தில் மழை, காற்று, போன இடம் மூன்றையும் எழுதுங்கள். இந்த மூன்றையும் விட்டுவிட்டால் மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் நின்ற நாளையும் வீட்டுக்குள் இருந்த நாளையும் ஒப்பிட முடியாது. மழையில்லா நாளை மழையில்லா நாளோடுதான் ஒப்பிட வேண்டும். ரப்பர் பூக்கும் பிப்ரவரி, மார்ச்சில் குலசேகரம் பக்கம் இருப்பவர்கள் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மழை நாளிலும் எண் குறையவில்லை, படுக்கையிலிருந்து எழும்போதுதான் அதிகம் என்றால் மகரந்தத்தைவிட மெத்தையிலுள்ள தூசி உண்ணிகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். இந்த ஈரக் காற்றில் அவை ஆண்டு முழுக்க வாழும்.

முதல் வாரம் மருந்தில்லாமல் எழுதுங்கள். தாங்க முடியாவிட்டால் விட்டுவிடலாம். முன்பு மாத்திரை எடுத்தவர்கள் நிறுத்தி ஒரு வாரம் கழித்தே தொடங்க வேண்டும். பிறகு மருத்துவர் சொன்ன ஒரே ஒரு மருந்து. செட்டிரிசின் 10 மி.கி. அல்லது லெவோசெட்டிரிசின் 5 மி.கி. பெரியவர்களுக்கு வழக்கமான ஒரு நாள் அளவு. ஒரு மணி நேரத்தில் பலன் தெரியத் தொடங்கும், ஒரு வாரத்தில் முடிவு சொல்லலாம். தூக்கம் வந்தால் அதையும் எழுதுங்கள். விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் பைக்கில் போகிறவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஃபெக்ஸோஃபெனடின் என்ற இன்னொரு ஒவ்வாமை மாத்திரை என்றால் தண்ணீரோடு மட்டும் குடியுங்கள், ஆரஞ்சு, ஆப்பிள் சாறு அது உடலில் சேர்வதைக் குறைக்கும்.

ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே வேறு மாதிரி. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும். மூன்றாம் நாளே தூக்கிப் போடுவதால்தான் பலர் அதைப் பயனற்றது என்கிறார்கள். தலையைச் சற்றே குனிந்து, வலது கையால் இடது மூக்கில், நடுச்சுவரை விட்டு வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியும்.

சோதனை நாட்களில் கடையில் வாங்கும் சளி மாத்திரை வேண்டாம். பலவற்றில் ஒவ்வாமை மருந்தும் கலந்திருக்கும், கணக்கு கெடும். அடைப்பை உடனே திறக்கும் சைலோமெட்டசோலின் சொட்டுகள் ஐந்து நாளைத் தாண்டினால் அடைப்பைத் திரும்ப வரவழைக்கும்.

சராசரி 8-லிருந்து 7 ஆனால் அதை நம்பாதீர்கள். மூன்றில் ஒரு பங்காவது குறைய வேண்டும், மருந்தை நிறுத்தியதும் எண் திரும்ப ஏறவும் வேண்டும். இரண்டும் நடந்தால்தான் அந்த மருந்து உங்களுக்குக் கேட்கிறது. நோட்டை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் தோல் குத்துச் சோதனை எழுதிக் கொடுத்தால், ஒவ்வாமை மாத்திரையை எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு வாரம்.